தட்டில் வரவேண்டியது

என் பெண் சத்துணவு சாப்பிடுகிறாள். இதை நான் யாரிடமும் தணிந்த குரலில் சொன்னதில்லை. எங்கள் தெருவில் சிலர் இந்தப் பேச்சு வந்தாலே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல. "உம்பொண்ணு ஸ்கூல்லயா சாப்புடுது? ஒரு டப்பா கட்டிக் குடுக்க மாட்டியா?" என்று கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன். "உங்க வரிப்பணமும் அதுல இருக்குது. நீங்களும் ஒருநாள் வந்து சாப்பிட்டுப் பாருங்க."

என் நாத்தனார் ஒருமுறை வந்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. "நம்ம வூட்ல என்னா அரிசிக்குப் பஞ்சமா அண்ணி?" என்றாள். பஞ்சத்துக்குப் போடுகிற சாப்பாடு என்று அவளிடம் யார் சொன்னது? காலையில் எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, கம்பெனிக்கு ஓடுகிற நான் டப்பாவில் என்ன வைப்பேன்? எலுமிச்சம்பழச் சோறு, தொட்டுக்கொள்ள அப்பளம். மறுநாள் புளிச்சோறு, அதே அப்பளம். பள்ளியிலோ ஒருநாள் கீரை, ஒருநாள் பயறு, ஒருநாள் கொண்டைக்கடலை, கூடவே முட்டை. வாரம் முழுவதும் ஒரு பிள்ளையின் வயிற்றுக்கு என்ன வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அப்படி யோசிக்க எனக்கு நேரமும் இல்லை, அறிவும் இல்லை. யோசித்தவர்கள் போடட்டும், என் பெண் சாப்பிடட்டும். அதில் எனக்கு என்ன மானக்கேடு?

ஆனால் போடுகிறேன் என்று சொன்னதைப் போடவேண்டும். என் சண்டை எல்லாம் அங்கேதான்.

நான் வேலை செய்வது பொம்மைக் கம்பெனியில். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வேலை என்றால் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சைப் பிரித்ததும் ஈரப் பொம்மை எங்கள் பெண்கள் கைக்கு வரும். விளிம்பைச் சுரண்டி, ஸ்பாஞ்சால் துடைத்து, காயவைத்து, சாயம் பூசி, சூளைக்கு அனுப்புவோம். இந்த வேலையில் முதலில் பழகுவது கை அல்ல, கண். மண்ணில் வேற்றுநிறத்தில் கடுகளவு ஏதாவது தெரிந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். விட்டால் சூளையில் அந்த இடம் கொப்பளிக்கும், இல்லை வெடிக்கும். பொம்மையின் கன்னத்தில் ஓட்டை விழும். சில வருடம் இந்த வேலை பார்த்தவளுக்குக் கல்யாண வீட்டுக் கோலத்தில்கூட மாவோடு கலந்த மண்துகள்தான் முதலில் கண்ணில் படும்.

பள்ளி எங்கள் வீட்டுக்கு எதிரில், ரோட்டைத் தாண்டினால் வாசல். அங்கே சமைக்கிற அக்காவுக்கு உதவிக்கு ஆள் கிடையாது. உதவியாளர் இடம் காலியாகவே இருக்கிறது. காய்கறி வாங்கிக் கொடுத்துக் கணக்குப் பார்க்கிற அமைப்பாளர் அம்மா வேறு பள்ளிக்கூடத்துக்காரர், எங்கள் பள்ளியைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறார்; எப்போதாவது வந்து கையெழுத்துப் போடுவார். அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே ஆள் அரிசி புடைத்து, களைந்து, வடித்து, குழம்பு வைத்து, முட்டை உரித்து, பாத்திரமும் கழுவவேண்டும். அதனால் எங்கள் தெருப் பெண்கள் நான்கைந்து பேர் கம்பெனிக்குப் போகிற வழியில் சமையல்கூட வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் நெல் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. எல்லோரும் பொம்மைக் கம்பெனிக்காரிகள். முறத்தில் அரிசியைப் பரப்பினால் கல் தானாக எங்கள் விரலுக்கு வரும்.

அக்காவுக்கும் எனக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. தெருக் குழாயடியில் தொடங்கிய பகை. அவளுக்கு வாய் நீளம். எனக்கு அதைவிட நீளம் என்று அவள் சொல்வாள். ஆனால் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. குழம்பு அடிபிடித்தால் அன்றைக்கு முழுவதும் யாரிடமும் பேசமாட்டாள்.

ஒருநாள் மூட்டை பிரித்தபோது அரிசியில் புதிதாக ஒரு ஜாதி தெரிந்தது. மற்றதைப் போலவே நீளம், ஆனால் கொஞ்சம் கூடுதல் வெளுப்பு, சுண்ணாம்பு பூசியதுபோல. கண்ணாடிபோலத் தெரியவேண்டிய அரிசிக்கு நடுவே மங்கலாக அங்கொன்றும் இங்கொன்றும். களைந்தால் சில மிதந்தன. எங்களில் ஒருத்தி உடனே செல்போனை எடுத்தாள். பிளாஸ்டிக் அரிசி என்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த வீடியோ அது. அதில் ஒருவர் சோற்றை உருட்டித் தரையில் அடிக்கிறார், பந்துபோல எழும்புகிறது. இன்னொருத்தி தீக்குச்சி கிழித்து ஒரு அரிசியைப் பொசுக்கிப் பார்த்தாள். கருகியது. எந்த அரிசியைப் பொசுக்கினாலும் கருகத்தான் செய்யும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. "எங்க புள்ளைங்க வயித்துல பிளாஸ்டிக்கா?" என்று அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அப்புறம் என்ன? கல் பொறுக்கிய கை அதையும் பொறுக்கத் தொடங்கியது. ஒன்றுவிடாமல் பொறுக்கினோம். கம்பெனியில் மண்ணைப் பார்க்கிற கண்ணோடு பார்த்தோம். எங்களைவிடச் சுத்தமாக அந்த வேலையைத் தமிழ்நாட்டில் யாரும் செய்திருக்க முடியாது. பொறுக்கியதை ஒரு டின்னில் போட்டுவைத்து, நிறைந்ததும் தெருக் கோழிகளுக்குக் கொட்டினோம்.

பள்ளியில் இரத்தப் பரிசோதனை முகாம் வந்தது. நர்ஸம்மா ஒவ்வொரு பிள்ளைக்கும் விரல் நுனியில் குத்தி எடுத்துப் பார்த்தார். என் பெண்ணுக்கு இரத்தம் குறைவு என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் கீழ் இமையை இழுத்துக் காட்டினார் நர்ஸம்மா. உள்ளே சிவப்பே இல்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறாள், மத்தியானம் வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் சொன்னபோது சோம்பேறித்தனம் என்று நான் திட்டியிருந்தேன். அவளை என் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டேன்.

"மாத்திரை தரேன். கீரை, பேரீச்சம்பழம் குடுங்க. ஸ்கூல்ல சாப்புடுறாளா?"

"தெனமும் சாப்புடுறா."

"நல்லது. இப்ப சத்துணவு அரிசியிலயே இரும்புச்சத்து கலந்துதான் வருது. பாத்திருப்பீங்களே, நடுநடுல வெள்ளையா வேற மாதிரி இருக்கும்."

பிளாஸ்டிக் என்று நாங்கள் அதைப் பொறுக்கிவிடுகிறோமே என்றேன். அரிசிமாவில் சத்தைச் சேர்த்துப் பிசைந்து, அதை அரிசி வடிவத்திலேயே செய்து, நல்ல அரிசியோடு கலக்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். அதைப் பொறுக்கியதனால்தான் என் பெண்ணுக்கு இரத்தம் குறைந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகளுக்கு என்று வந்ததில் விலை உயர்ந்தது எதுவோ அதை மட்டும் தேடித்தேடி எடுத்துக் கோழிக்குப் போட்டிருக்கிறோம். எங்கள் தெருக் கோழிகளுக்கு இரத்தம் நன்றாக ஊறியிருக்கும். அந்த முகாமில் கோழிகளை நிறுத்தியிருந்தால் எல்லாம் பாஸாகியிருக்கும்.

மறுநாளே பொறுக்குவதை நிறுத்தினோம். ஆனால் விஷயம் அதற்குள் மேலே போய்விட்டது. நர்ஸம்மா நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். சத்துணவுப் பிரிவு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். சமையல்கூடத்தில் மூலையில் இருந்த டின்னைத் திறந்து பார்த்தார். அடியில் ஒரு பிடி அரிசி கிடந்தது. அந்த வாரமே அக்காவுக்கு மெமோ வந்தது. மாணவர்களுக்கான சத்தை அகற்றிய உன்னை ஏன் பணியிலிருந்து நீக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு.

அக்கா அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு அன்றைக்கும் சமைத்தாள். வாய் நீளமுள்ள அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பெற்றோர் கூட்டம் என்று எங்களை வரச்சொன்னார்கள். கம்பெனியில் அரைநாள் சொல்லிவிட்டுப் போனோம். பிள்ளைகளின் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தோம். அதிகாரி ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டுக்கொண்டார். இரும்புச்சத்தைப் பற்றி விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பிளாஸ்டிக் அரிசியாம்! கொஞ்சம் படிச்சிருந்தா இந்த மாதிரி பண்ணியிருப்பீங்களா?" என்று சிரித்தார். எச்.எம். சாரும் கூடவே சிரித்தார், சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது என்பதற்காக. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

நான் எழுந்துவிட்டேன்.

"சார், நாங்க பொம்மைக் கம்பெனில வேல செய்யறவங்க. மண்ணுல துளியூண்டு வேற கலர்ல தெரிஞ்சா எடுத்துடணும், இல்லன்னா சூளைல வெடிச்சிடும். எங்க கண்ணு அதுக்குத்தான் பழகியிருக்குது. அரிசில வேற கலர்ல தெரிஞ்சா கையி சும்மா இருக்குமா? இத எடுக்காதீங்க, இது சத்துன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த யாராச்சும் சொன்னீங்களா?"

"மூட்டை மேலயே போட்டிருக்கும்மா."

"இங்கிலீஸுல போட்டிருக்குது. பக்கத்துல ஒரு கூட்டல் குறி. அத வச்சிக்கிட்டு நாங்க என்னாத்தக் கூட்டறது?"

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி எச்.எம். சாரைப் பார்த்தார். எச்.எம். சார், அந்தச் சுற்றறிக்கை அமைப்பாளருக்குத்தான் வரும் என்றார். அமைப்பாளர் அம்மா, அவர் எல்லாப் பள்ளிக்கும் சொல்லிவிட்டதாகவும் இந்தப் பள்ளிக்கு வந்த அன்றைக்கு அக்கா லீவு என்றும் சொன்னார். மேலிருந்து கீழே உருண்டு வந்த பழி கடைசியில் அக்காவின் காலடியில் வந்து நின்றது. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அக்கா சுவரோரம் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பொறுக்கினது நாங்க," என்றேன். "எங்க கையி. அந்த மெமோவ எங்களுக்குக் குடுங்க."

"உங்களுக்கு எப்படிம்மா குடுக்கறது? நீங்க ஊழியர் இல்லையே."

"அப்ப ஊழியரா இருக்கறதுதான் அவங்க பண்ண தப்பா?"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். விசாரணை நடக்கும், அப்போது பார்க்கலாம் என்று எழுந்துகொண்டார். நான் விடவில்லை. "சரிங்க சார். எங்க புள்ளைங்க தட்டுல என்னென்ன வரணும், எவ்ளோ வரணும்? அத எங்க எழுதியிருக்குது?" என்று கேட்டேன். எச்.எம். சார் அவசரமாக, "வெளிய போர்டுல எழுதியிருக்கும்மா," என்றார்.

எல்லோரும் போய்ப் பார்த்தோம். சமையல்கூடச் சுவரில் எப்போதோ பெயிண்டில் எழுதியிருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் உரிந்து திங்கள், செவ்வாய் என்று கிழமைகள் மட்டும் மிச்சமிருந்தன. சாப்பாடு உதிர்ந்துவிட்டிருந்தது.

எனக்கு அப்போதே யோசனை வந்துவிட்டது. பெயிண்ட் உரியும், சாக்பீஸ் அழியும், தாள் கிழியும். சூளையில் வெந்த எழுத்தை என்ன செய்ய முடியும்? நாள் முழுக்க பொம்மைக்குக் கண்ணும் மீசையும் எழுதுகிற கை என்னுடையது. எச்.எம். சாரிடம் சுற்றறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டேன். ஒளித்துவைக்கிற விஷயம் ஒன்றும் இல்லையே, அவரும் கொடுத்தார்.

கம்பெனி முதலாளியிடம் போய் வெள்ளை டைல் நாலு வேண்டும், சூளையில் இடம் வேண்டும் என்றேன். எதற்கு என்றார். சொன்னேன். "உனக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது," என்றவர், பொம்மை அடுக்கிய தட்டின் மூலையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். முதல்முறை சாயத்தை அழுத்திப் போட்டுவிட்டேன். சூட்டில் எழுத்து வழிந்து, முட்டை என்று எழுதிய இடம் புகை மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம்முறை மெலிதாக எழுதினேன். நீல எழுத்து, பளபளவென்று வெளியே வந்தது. நகத்தால் சுரண்டினேன். அசையவில்லை.

மேலே 'தட்டில் வரவேண்டியது' என்று தலைப்பு. அதன் கீழ் ஒரு பிள்ளைக்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, காய் எவ்வளவு, எந்தக் கிழமையில் பயறு, எந்தக் கிழமையில் கொண்டைக்கடலை, முட்டை தினமும். அடுத்து, 'அரிசியில் வெள்ளையாகத் தெரிவது சத்து. பொறுக்க வேண்டாம்.' எல்லாவற்றுக்கும் கடைசியில் நானாகச் சேர்த்த ஒரு வரி. 'குறைந்தால் கேட்கலாம்.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் சிமெண்ட் குழைத்துக் கொடுக்க, சமையல்கூடச் சுவரில் பதித்தோம். அவர் பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டுகிறவர். லோடு இல்லாத நாளில் நான் சொன்ன வேலையைச் செய்வார்.

பிள்ளைகள் பெரியவர்களைப்போல இல்லை. எழுதியிருந்தால் படிப்பார்கள், படித்தால் நம்புவார்கள். வரிசையில் நிற்கும்போது சத்தமாக ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள். தட்டைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். "ஆயா, காய் கொஞ்சமா இருக்குது," என்றார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்து அக்கா கரண்டியோடு ரோட்டைத் தாண்டி என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"புள்ளைங்கள எம்மேல ஏவி வுட்டிருக்கியா? வாங்கிக் குடுத்தாதான நான் போடுவேன்? காய நான் என்னா முந்தானையில முடிஞ்சிகிட்டா போறேன்?"

"அதையே புள்ளைங்ககிட்ட சொல்லு. எச்.எம். கிட்ட கேக்கச் சொல்லு."

சொல்லிவிட்டாள். பிள்ளைகள் எச்.எம். சார் அறை வாசலில் போய் நின்றார்கள். ஏழாவது படிக்கிற பெண் ஒருத்தி, "சார், செவுத்துல போட்டிருக்கற காய் எங்க சார்?" என்று கேட்டாளாம். அவர் என்ன செய்வார், அமைப்பாளர் அம்மாவுக்குப் போன் போட்டார். அந்த வாரம் கோணிப்பையில் கேரட்டும் பீன்ஸும் வந்து இறங்கின. முருங்கைக்கீரை வந்தது. சாம்பாரில் கரண்டி விட்டால் கரண்டியில் ஏதோ சிக்கியது. என் பெண் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு சாம்பாரு கெட்டியா இருந்துச்சிம்மா," என்றாள். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

விசாரணைக்கு அதிகாரி மறுபடி வந்தார். டைலைப் பார்த்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுவதும் படித்தார்.

"யார் அனுமதி குடுத்தது? கவர்மெண்டு கட்டடத்துல கண்டதையும் ஒட்டுவீங்களா?"

எச்.எம். சார் என் பெயரைச் சொன்னார். நான் கம்பெனியில் இருந்தேன். போன் வந்ததும் ஓடிவந்தேன்.

"சார், அதுல தப்பா ஏதாச்சும் எழுதியிருக்குதா?"

"தப்பு ரைட்டுன்னு இல்லம்மா. 'குறைந்தால் கேட்கலாம்'னு எழுத நீங்க யாரு?"

"கேக்கறவங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எச்.எம். சாரைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினார். திரும்பி வந்த எச்.எம். சார் என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். குரல் கெஞ்சியது. "இத கழட்டிடும்மா. கழட்டிட்டா சமையல்கார அம்மாவோட மெமோவ முடிச்சி வச்சிடறேங்கறாரு. இல்லன்னா அவங்க வேல போயிடும்."

இப்படி ஒரு கணக்கை எதிர்பார்க்கவில்லை. என்னைத் தண்டித்திருந்தால் நின்று பார்த்திருப்பேன். என்னை ஒன்றும் செய்யமுடியாது என்று தெரிந்ததும் அவள் கழுத்தைப் பிடித்தார்கள். நான் நேராகச் சமையல்கூடத்துக்குப் போனேன். அக்கா குண்டானைக் கவிழ்த்துப் போட்டுச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். நீ என்ன சொல்கிறாய் என்றேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"கழட்டு."

"அக்கா, எல்லா பொம்பளைங்களும் சேந்து ஆபீஸுக்குப் போவோம். கலெக்டர்கிட்ட மனு குடுப்போம்."

"நீ மனு குடுத்துட்டு கம்பெனிக்குப் போயிடுவ. நான் இங்கதான நிக்கணும்? எம்பையன் காலேஜு முடிக்கல. நீ வீராப்பு பேச என் வேலயா கெடச்சிது? கழட்டுடி."

கோபம் வந்தது. உனக்காகத்தானே பெஞ்சிலிருந்து எழுந்தேன் என்று கத்த வாய் வரைக்கும் வந்தது. கத்தவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. அவள் வேலையை வைத்து நான் ரோஷம் காட்டக்கூடாது. அந்தச் சாயங்காலமே கொத்தனார் வந்து உளி வைத்துப் பெயர்த்தார். என் வேலை என்பதால் நான் பக்கத்தில் நின்றேன். சிமெண்ட் நன்றாகப் பிடித்திருந்தது; பாதி டைல் உடைந்துதான் வந்தது. கோணியில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

மெமோ முடிந்தது. அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து வழக்கம்போல உலை வைத்தாள்.

அடுத்த வாரமே சாம்பார் மறுபடி தண்ணீராகிவிட்டது. பிள்ளைகள் சுவரைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே சிமெண்ட் தழும்பு மட்டும் இருந்தது. அதனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என் பெண் ராத்திரிச் சோறு சாப்பிடும்போது கேட்டாள்.

"அம்மா, நீ எழுதனது பொய்யா?"

"பொய்யில்ல. சட்டமே அதான்."

"அப்ப ஏன் எடுத்துட்டாங்க?"

என்ன சொல்வது? அக்கா வேலையைச் சொல்வதா, அதிகாரி கோபத்தைச் சொல்வதா? கவர்மெண்டு சுவரில் எழுதக்கூடாது என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். ஒரு உருண்டை சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "வேற செவுரே இல்லியா?" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான்தான் எழுந்து வாசலுக்கு வந்தேன். கவர்மெண்டு சுவர் அவர்களுடையது, சரி. எதிரில் பள்ளி வாசலைப் பார்த்தபடி நிற்கிற சுவர் யாருடையது? லோன் போட்டு, வட்டி கட்டி, நானும் என் வீட்டுக்காரரும் எழுப்பிய சுவர். அதில் நான் பருப்பு அளவு எழுதுவேன், பாட்டு எழுதுவேன், எவன் கேட்பது?

மறுபடி டைல், மறுபடி சாயம், மறுபடி சூளை மூலை. இந்தமுறை கம்பெனிப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு வரி எழுதினார்கள். கடைசி வரியை மட்டும் யாருக்கும் தரவில்லை, நானே எழுதினேன். என் வீட்டுக்காரர் கலவையைக் குழைத்துக்கொண்டே, "எல்லா வூட்டு முகப்புலயும் லட்சுமி இருக்குது, முருகர் இருக்குது. நம்ம வூட்ல சாம்பாரு," என்றார். சொல்லிக்கொண்டே மட்டம் பிசகாமல் பதித்தார்.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களைக் கூட்டிப்போக வந்த பெற்றோர்கள் படித்தார்கள். மங்கலம்பேட்டை பஸ் எங்கள் ரோட்டில் வேகத்தடைக்காக மெதுவாகத்தான் போகும். பஸ்ஸில் இருந்தவர்கள் படித்தார்கள். பள்ளிக்கூடச் சுவரில் இருந்தவரை பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. இப்போது ஊருக்குத் தெரிந்தது.

அதிகாரியின் ஜீப்பும் ஒருநாள் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா இது?"

"என் வூடு சார்."

மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஜீப் பள்ளிக்குள் போகாமல் நேராகப் போய்விட்டது.

அக்காவை நினைத்துத்தான் எனக்குக் கவலை. மெமோ முடிந்து அவள் மூச்சுவிட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் மறுபடி கொள்ளிக்கட்டையை எடுத்திருக்கிறேன். என் வீட்டுச் சுவர்தான், அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யாரிடமும் சொல்லலாம். ஆனால் காய் குறைந்தால் பிள்ளைகள் கேட்கப்போவது அவளைத்தானே? அவள் வரட்டும், என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வோம், டைலை மட்டும் கழட்டுவதில்லை என்று முடிவோடு இருந்தேன்.

மறுநாள் மத்தியானம் பந்தி முடிந்ததும் வந்தாள். கையில் கரண்டி. ரோட்டின் நடுவிலேயே நின்று, இருபக்கமும் வண்டிகள் ஹாரன் அடிக்க, உதடு அசைய முதல் வரியிலிருந்து படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் இன்னொருமுறை படித்தாள். பிறகு திரும்பித் தன் சமையல்கூட வாசலைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். நான் படியில் எழுந்து நின்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டேன்.

"என்னாடி எழுத்து இது, எறும்பு ஊர்ந்த மாதிரி?" என்றாள். "அடுப்புகிட்ட நின்னு பாத்தா ஒண்ணும் தெரியல. காய் எங்கன்னு புள்ளைங்க கேட்டா, எச்.எம்.முக்கும் அமைப்பாளருக்கும் நான் எதக் காட்டிக் கேக்கறது? பெருசா எழுது."